விளையாட்டா இது?

“சும்மா, வெளையாட்டுக்குத்தான் அண்ணே!”

குடிகாட்டில் ஒரு மாலை வேளையில் என் காதில் விழுந்த சொற்கள் இவை.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே வாழ்கிறது குடிகாடு. அங்கே தெருமுனைக் கூட்டத்தில் பேசச் சென்றிருந்தேன். கூட்டம் தொடங்க நேரமிருந்தது. நம் பிள்ளைகள் நால்வர் — ஆம் தோழா, நம் பிள்ளைகளேதான் — சாலையோரத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தனர். பதினாறுக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வயதினர். கூலி கேளாமல் உழைப்பவர்கள். தலைவர் பெயரைச் சொன்னால் முகம் மலர்பவர்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

பேருந்து வந்து நின்றது. தொழிற்சாலையில் வேலை முடித்த பெண்கள் மூவர் இறங்கினர். கொடி கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் ஒரு சொல்லை வீசினான். மற்ற மூவரும் சிரித்தனர். அந்தச் சிரிப்பு அவனுக்குத் துணிவைத் தந்தது; இரண்டாவது சொல்லை வீசினான்; இரண்டடி முன்னேயும் எடுத்து வைத்தான். மூவரில் இளையவள், சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, ஏறக்குறைய ஓடினாள். தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் புன்னகைத்தனர். பேருந்து நடத்துநரும் புன்னகைத்தார்.

அருகே அழைத்தேன். “என்னப்பா இது?” என்றேன்.

“சும்மா, வெளையாட்டுக்குத்தான் அண்ணே!”

“விளையாட்டா? அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாயா?”

அவன் கூசவில்லை. பாராட்டை எதிர்பார்க்கும் மாணவன் ஆசிரியரிடம் சொல்வதுபோல, மலர்ந்த முகத்தோடு சொன்னான்: “உங்க நாடகத்துல வர்ற வசனம்தாண்ணே அது!”

சாட்டையடி வாங்கியவன்போல் நின்றேன். அன்றிரவு மேடையில் ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். என்ன பேசினேன் என்பது இப்போது நினைவில் இல்லை. அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அதனால்தான், இந்த ஞாயிற்றுக்கிழமை, மாற்றாரின் குறைகளைப் பட்டியலிடும் வழக்கமான பணியை ஒதுக்கி வைத்துவிட்டு, நம் வீட்டுக் குப்பையைக் கிளற வந்திருக்கிறேன். முகம் சுளிக்காமல் கேள், தோழா!

விளையாட்டு! எத்தனை எளிய சொல்! இந்தச் சொல்லின் நிழலில் எத்தனை உயிர்கள் மாண்டிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தாயா?

தொலைவில் போக வேண்டாம். அதே நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் வருவது சிதம்பரம். அதனை அடுத்து அண்ணாமலை நகர். 1996ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அங்கே மருத்துவம் படிக்க வந்திருந்த முதலாண்டு மாணவன் ஒருவன் கொலையுண்டான். கொன்றவன் யார்? கொள்ளைக்காரனா? பகைவனா? இல்லை. அதே கல்லூரியில் அவனுக்கு மூத்த மாணவன்! பகடி வதை என்ற பெயரில், புதிதாக வந்த பிள்ளையை அடக்கி, அவமானப்படுத்தி, அதிலே இன்பம் காணும் ‘விளையாட்டு’ கொலையில் போய் முடிந்தது. கடலூர் நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது. அந்தக் கொலைக்குப் பின்னரே, 1997இல், தமிழ்நாட்டில் பகடி வதையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1998 சூலையில், சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி நடந்து சென்றுகொண்டிருந்தாள். ஆட்டோவில் வந்த இளைஞர் கூட்டம் ‘விளையாடியது’. கீழே விழுந்து தலையில் அடிபட்ட அந்தப் பெண், மருத்துவமனையில் மாண்டாள். அந்த ஆண்டே ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் பிறந்தது. 2002இல் ஒரு திருத்தம் செய்தார்கள். என்ன திருத்தம் தெரியுமா? சட்டத்தின் பெயரையே மாற்றினார்கள். ‘டீசிங்’ என்ற சொல் கேலி, சீண்டல், குறும்பு என்ற பொருளைத் தருகிறது. நடப்பது குறும்பு அல்ல, கொடுமை. ஆகவே பெண்கள் மீதான கொடுமையைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் சூட்டினார்கள். 2025 சனவரியில் அந்தச் சட்டத்தின் தண்டனையும் கூட்டப்பட்டது.

சட்டம் தன் அகராதியைத் திருத்திக்கொண்டது, தோழா! நாம் திருத்திக்கொண்டோமா? இல்லையே! குடிகாட்டுச் சாலையில் இன்னமும் அது விளையாட்டுத்தானே!

“ஒரு சொல்லை வீசியதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? சொல் எங்கே, கொலை எங்கே?” என்று கேட்பாய். நியாயமான கேள்வி. சொல் வீசியவன் எல்லாம் கொடியவனாகிவிடுவதில்லை; அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கொடியவனாகிப் போனவன் எவனும் திடீரென ஒரு நாள் காலையில் அப்படி விழித்தெழுவதில்லை. அவன் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால், முதல் மைல்கல்லில் ஒரு சொல்லும், அந்தச் சொல்லுக்குக் கிடைத்த ஒரு சிரிப்பும் தென்படும்.

பொள்ளாச்சியை மறந்திருக்கமாட்டாய். 2019இல் வெளிவந்து நாட்டை உலுக்கிய வழக்கு. பெண்களை நட்பின் பெயரால் அழைத்துச் சென்று, சீரழித்து, அதனைப் படமெடுத்து, அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டிய கூட்டம். 2025 மே 13ஆம் நாள், கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, மகிழ்ந்தோம். ஆனால் ஒன்றைக் கவனி: கூட்டமாகச் செய்த குற்றம் அது. அந்தக் கூட்டத்திலே ஒருவன், ஒரே ஒருவன், முதல் நாளே “வேண்டாமடா! தவறு!” என்று கையைப் பிடித்துத் தடுத்திருந்தால்? யாரும் தடுக்கவில்லை. ஒருவன் செய்ததை மற்றவன் ரசித்தான். ரசித்தவன் அடுத்து அதையே செய்தான்.

இத்தகையவன் எப்படி உருவாகிறான் என்று கேட்டால், நம் ஊர்த் திண்ணைகளில் மூன்று பதில்கள் ஆயத்தமாக இருக்கும்.

“பெண் உடுத்தியிருந்த உடை சரியில்லை” என்பார் ஒருவர். சாப்பாட்டுப் பையோடு வேலையிலிருந்து திரும்பும் குடிகாட்டுப் பெண்ணின் உடையிலே என்ன குறை கண்டார்? பள்ளிச் சீருடையில் போகும் சிறுமிக்கும், பல் போன பாட்டிக்கும் கொடுமை நேர்கிறதே, அங்கெல்லாம் எந்த உடை குற்றவாளி? இந்தப் பதில், குற்றவாளிக்கு வழக்குரைஞராகக் கூலியின்றிச் செயல்படும் பதில். தள்ளு அதனை!

“வேலை வெட்டி இல்லாத பயல்கள், வேறென்ன செய்வார்கள்?” என்பார் இன்னொருவர். வேலையும் சீருடையும் சம்பளமும் உடையவர்கள் யோக்கியர்களாகவே இருந்தார்களா? 1992இல் அதே அண்ணாமலை நகரின் காவல் நிலையத்திலே, கணவன் காவலில் மாண்டான். தேடிச் சென்ற மனைவி காவலர்களாலேயே சீரழிக்கப்பட்டாள். தமிழகமே தலைகுனிந்தது. அவர்களுக்கு வேலையா இல்லை? அதிகாரம் இருந்தது, கேட்க ஆளில்லை என்ற எண்ணம் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

“இளரத்தம், அப்படித்தான் இருக்கும், இயற்கை” என்பார் மூன்றாமவர். இயற்கையா? இயற்கை என்றால் எல்லா இளைஞனும் அல்லவா அப்படி இருக்க வேண்டும்! அதே வயது, அதே ஊர், அதே ரத்தம். அண்ணன் பெண்களைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறான், தம்பி வழிமறிக்கிறான். ரத்தமா வேறு? கற்றுக்கொண்ட பாடம் வேறு!

அந்தப் பாடத்தை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், தோழா. 2013இல் ஐக்கிய நாடுகள் அமைப்பைச் சார்ந்த நிறுவனங்கள் ஓர் ஆய்வை வெளியிட்டன. வங்கதேசம், கம்போடியா, சீனா, இந்தோனேசியா, பப்புவா நியூகினி, நம் உடன்பிறந்தார் வாழும் இலங்கை ஆகிய ஆறு நாடுகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் கேள்விகள் கேட்டனர். “நீ வன்புணர்ச்சி செய்தாயா?” என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் எவன் ஒப்புவான்? “ஒரு பெண் விரும்பாதபோது அவளை வலுக்கட்டாயப்படுத்தியது உண்டா?” என்பதுபோல், செயலை மட்டும் சொல்லிக் கேட்டார்கள். நாட்டுக்கு நாடு அளவு மாறினாலும், மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவன், தன் துணைவியையோ வேறு பெண்ணையோ அவ்வாறு செய்ததாக ஒப்புக்கொண்டான். அவ்வாறு ஒப்புக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், முதன்முதலாக அதைச் செய்தது பதின்ம வயதில்! ஆம், மீசை அரும்பும் வயதில்!

துணைவி அல்லாத பெண்ணைச் சீரழித்தவர்களிடம், ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம், “எனக்கு வேண்டியிருந்தது; எடுத்துக்கொண்டேன்” என்ற பொருளில் அமைந்தது. அவள் விரும்புகிறாளா என்பது அவன் எண்ணத்திலேயே இல்லை. அடுத்து வந்த காரணம், நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டியது எது தெரியுமா? பொழுதுபோக்கு! சலிப்பு தீர்த்துக்கொள்ள! குடிபோதையைக் காரணம் சொன்னவர்கள் நான்கில் ஒரு பங்கினரை ஒட்டித்தான். செய்தவர்களிலே மிகப் பெரும்பாலோரைச் சட்டம் தீண்டவே இல்லை.

பார்த்தாயா? ‘விளையாட்டு’ என்ற சொல் குடிகாட்டில் மட்டும் ஒலிக்கவில்லை. கடல் கடந்த நாடுகளிலும் அதே சொல்தான், வேறு வேறு மொழிகளில்!

அமெரிக்க உளவியல் அறிஞர் நீல் மாலமத் என்பார், இளைஞர்களை ஆராய்ந்து, 1991இல் தம் குழுவினரோடு ஒரு விளக்கத்தை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் சொன்னால் ‘சங்கமம்’. கடலூர்க்காரனுக்கு இதை விளக்க அகராதி வேண்டியதில்லை. கெடிலம் ஒரு பக்கமாக வருகிறது. உப்பனாறு ஒரு பக்கமாக வருகிறது. தனித்தனியே வரும்போது கரைக்குள் அடங்கி ஓடுகிறது. பெருமழை நாளிலே இரண்டும் பெருகி, கடலும் வாங்க மறுத்தால், ஊருக்குள் வெள்ளம். வன்முறை இளைஞனும் அப்படித்தான் உருவாகிறான் என்கிறார் அவர். ஒரு ஓடை, பெண்ணின்பால் பகைமையும் அவளை அடக்கி ஆள்வதே ஆண்மை என்ற செருக்கும். மற்றோர் ஓடை, அன்போ பொறுப்போ இல்லாமல் பெண்ணை வெறும் பொருளாய்க் கருதும் பழக்கம். இரண்டும் கலக்கும் இடத்தில்தான் ஆபத்து மிகுதி.

இந்த ஓடைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைத்தான் நீ அறிய வேண்டும். உன் வீட்டையும் தெருவையும் நினைத்துக்கொண்டே கேள்.

முதல் ஊற்று, வீடு. அப்பன் அம்மாவை அறைகிறான்; மூலையில் நின்று பிள்ளை பார்க்கிறது. தானும் அடிபடுகிறது. வலியவன் மெலியவனை அடிப்பது முறை என்ற பாடத்தை, எழுத்தறியும் முன்பே அது கற்றுக்கொள்கிறது. சில பிள்ளைகளுக்கு இதனினும் கொடிய பாடம். 2007இல் இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் பதின்மூன்று மாநிலங்களில் நடத்திய ஆய்விலே, கேட்கப்பட்ட பிள்ளைகளில் 53 விழுக்காட்டினருக்கு மேல், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் ஆண்பிள்ளைகள் பாதிக்குச் சற்று மேல்! “ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?” என்று நாம் கேளாமல் விட்டதால், அவன் எவரிடமும் சொல்லவில்லை. காயம் உள்ளேயே புரையோடியது. ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: அடிபட்ட பிள்ளைகளிலே மிகப் பெரும்பாலோர் பிறரை அடிப்பவர்களாக மாறுவதில்லை. அவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது இன்னொரு கொடுமை. ஆயினும், காயத்துக்கு மருந்திடாத வீடு, ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை.

இரண்டாவது ஊற்று, கையிலே இருக்கும் திரை. இணையம் மலிந்துவிட்டது, நல்லது, ஏழைப் பிள்ளைக்கும் அறிவு எட்டுகிறது. ஆனால் அதே திரையிலே, பெண்ணை வதைத்து இன்பம் காணும் படங்களும் எட்டுகின்றன. உடலைப் பற்றி வீட்டிலே பேச்சில்லை. பள்ளியிலே அந்தப் பாடத்தைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். ஆகவே அவனுக்கு ஆசான் அந்தப் படம்! முன்பே பகைமையும் செருக்கும் ஊறிய பிள்ளைக்கு, அந்தப் படம் எரியும் கொள்ளிக்கு எண்ணெய்.

மூன்றாவது, மது. குடி மட்டுமே கொடியவனை உண்டாக்குவதில்லை. குடித்தவன் எல்லாம் பெண்ணைத் தொடுவதில்லை. ஆனால் உள்ளே கிடக்கும் நஞ்சைக் கட்டிவைத்திருக்கும் கயிற்றை அது அறுக்கிறது. 2003 முதல் அரசே கடை வைத்துச் சில்லறையில் விற்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கல்லாப்பெட்டி மூடப்படவில்லை. நம்முடைய ஏடு என்பதற்காக இதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

நான்காவது, கேட்பாரில்லை என்ற நம்பிக்கை. சாதித் திமிரும் பணத் திமிரும் பிறப்பிக்கும் நம்பிக்கை இது. மணிமேகலைக் காப்பியத்திலே உதயகுமரன் என்ற இளவரசனைப் படித்திருப்பாய். துறவு பூண்ட பெண்ணை அவன் துரத்தித் துரத்திச் சென்றான். ஏன் அந்தத் துணிவு? அவன் அரசன் மகன். அவள் கணிகையர் குலத்தில் வந்தவள். ஆகவே அவள் மறுக்க உரிமையற்றவள் என்ற எண்ணம்! எத்தனையோ நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், கூலிக்குப் போகும் பெண், சேரியிலிருந்து வரும் பெண், தந்தையற்ற பெண் என்று பார்த்துப் பார்த்துத்தானே இன்றும் கை நீள்கிறது! உதயகுமரன்கள் இன்று மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

ஐந்தாவதுதான், தோழா, எல்லாவற்றிலும் நமக்கு அண்மையில் இருப்பது: நண்பர் கூட்டம். தனியே நின்றால் தலை நிமிராத பையன், நால்வரோடு நின்றால் நாற்பது பேரின் வேகம் கொள்கிறான். நண்பர்கள் மெச்சுவார்கள் என்பதற்காகவே செய்கிறான், செய்யாவிட்டால் “நீ ஆம்பளையா?” என்று எள்ளுவார்களே என்று அஞ்சியும் செய்கிறான். நண்பர் கூட்டத்தின் ஒப்புதல் இளைஞனை இந்தப் பாதையில் தள்ளுகிறது என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. நானும் கல்லூரியிலே இருந்த சிறிது காலத்தில், விடுதித் தாழ்வாரத்தில், ஒரு புதிய மாணவன் ஆடையிழந்து கூனிக் குறுகி நின்றபோது, கூட்டத்தோடு கூட்டமாய்ச் சிரித்தவன்தான். நான் அவனைத் தொடவில்லை. சிரித்தேன். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரிது என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

“ஆம்பளையா நீ?” இந்தக் கேள்வியை யார் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தது? பெரியார், ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலின் ஓர் அத்தியாயத்துக்கு ‘ஆண்மை அழிய வேண்டும்’ என்றே தலைப்பிட்டார். அன்று அதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆணை அழிக்கச் சொல்லவில்லை அவர். பெண்ணை அடக்குவதே ஆண்மை என்ற செருக்கை அழிக்கச் சொன்னார். மேலைநாட்டு அறிஞர்கள் பிற்காலத்தில் அளந்து காட்டிய நோயை, ஈரோட்டுக் கிழவர் அளவுகோல் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்! வள்ளுவரோ, பிறன் மனைவியை ஏறிட்டும் பாராத உறுதிக்குத்தான் பேராண்மை என்று பெயரிட்டார். அந்த வள்ளுவருக்குச் சிலை வைத்தோம். அந்தப் பெரியாரின் படத்தைக் கொடியோடு சேர்த்துக் கட்டினோம். படத்தைக் கட்டிய கை இறங்குமுன்பே, அந்தப் பிள்ளையின் வாய் அந்தச் சொல்லை வீசியது. குற்றம் அவனுடையது மட்டுமா?

குற்றம் என்னுடையதும்கூட. என் நாடகத்தில் ஒரு காட்சி. கதாநாயகன் ஒரு பெண்ணைத் தெருவிலே மறிக்கிறான். அவள் சினக்கிறாள். அவன் ஒரு சொல் சொல்கிறான். அவள் மீண்டும் சினக்கிறாள். அவன் மீண்டும் தொடர்கிறான். மூன்றாவது காட்சியில் அவள் அவனைக் காதலிக்கிறாள்! ஊருக்கு ஊர் கைதட்டல் வாங்கிய காட்சி. அதன் மூலம் நான் எதைக் கற்பித்தேன்? “பெண்ணின் மறுப்பு மறுப்பல்ல, விடாமல் துரத்தினால் இணங்குவாள்” என்று கற்பித்தேன். அந்தப் பொய்யை மேடையேற்றிவிட்டு, இறுதிக் காட்சியில் பெண்விடுதலை பற்றி ஐந்து நிமிட வசனம் எழுதினேன். பிள்ளைக்கு நினைவில் நின்றது எது? ஐந்து நிமிட வசனமல்ல. தெருவிலே வீசிய ஒரு சொல்! அந்தக் காட்சியை வெட்டிவிட்டேன். இனி அந்த நாடகம் அந்தக் காட்சியோடு எந்த ஊரிலும் நடைபெறாது.

நான் வெட்டினால் போதுமா? மேடைப் பேச்சாளர்களே, உங்களையும் கேட்கிறேன். மாற்றுக் கட்சியிலே ஒரு பெண் தலைவர் இருந்தால், அவரது கொள்கையைத் தாக்கத் தெரியாமல், ஒழுக்கத்தையும் உருவத்தையும் பேசிக் கைதட்டல் வாங்குகிறோமே, அந்தக் கைதட்டலுக்கும் குடிகாட்டுச் சிரிப்புக்கும் என்ன வேறுபாடு? முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் பதினாறு வயதுப் பையன், அண்ணன் மேடையில் செய்வதைத்தானே சாலையில் செய்கிறான்! அஞ்சலையம்மாள் போராடிச் சிறை சென்ற கடலூர் மண்ணிலே, ஒரு பெண்ணைப் பெண் என்பதற்காகவே ஏசுகிறவன், எந்தக் கொடியின் கீழ் நின்றாலும், அந்தக் கொடிக்கு இழுக்கே தேடுகிறான்.

“தூக்கிலே போடு! சுட்டுத் தள்ளு!” என்ற முழக்கம், இத்தகைய கொடுமை நடக்கும்போதெல்லாம் எழுகிறது. சினம் நியாயமானது, வழி அதுவல்ல. 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்திலே ஒரு மாணவி சீரழிக்கப்பட்டு மாண்டாள். அறுவரில் ஒருவன் பதினெட்டு வயது நிரம்பாதவன். நீதியரசர் வர்மா தலைமையிலான குழு, இருபத்தொன்பது நாள்களில், 2013 சனவரியில் அறிக்கை தந்தது. நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்திலும், வன்புணர்ச்சிக்குத் தூக்குத் தண்டனை வேண்டாம் என்றும், சிறார் என்பதற்கான வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்றும் துணிந்து எழுதியது. பின்னர் 2015இல் வந்த சட்டம், பதினாறு வயதைக் கடந்தவன் கொடுங்குற்றம் புரிந்தால் பெரியவனைப்போலவே விசாரிக்க வழி செய்தது. குழந்தைகளைக் காக்க 2012இலேயே போக்சோ சட்டமும் வந்தது. சட்டங்கள் வேண்டும், தண்டனை தப்பாமல் விழ வேண்டும், புகார் கொடுக்க வரும் பெண்ணைக் காவல் நிலையம் கௌரவமாக நடத்த வேண்டும். ஆனால் சட்டம் எப்போது வருகிறது? ஒருத்தி அழிந்த பிறகு! அதற்கு முந்தைய பத்தாண்டுகளில், அவன் பிள்ளையாக இருந்த காலத்தில், அவனிடம் வந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

வந்தால் பயன் உண்டா? உண்டு. கற்றதை மாற்றிக் கற்பிக்க முடியும். அரியானா மாநிலத்து அரசுப் பள்ளிகளில், ஏழாம் வகுப்பு தொடங்கி இரண்டரை ஆண்டுகள், ஆண்பெண் சமத்துவம் பற்றிப் பிள்ளைகளோடு கலந்து பேசும் வகுப்புகள் நடத்தினார்கள். முடிவுகள் 2022இல் வெளியாயின. பிள்ளைகளின் எண்ணம் மாறியது. ஆண்பிள்ளைகள் வீட்டு வேலையிலே கூடுதலாகப் பங்கெடுத்தார்கள். வகுப்பு முடிந்து ஆண்டுகள் சென்ற பிறகும் மாற்றம் மறையவில்லை. மும்பையிலே கிரிக்கெட் பயிற்சியாளர்களைக்கொண்டு, ஆட்டத்தோடு பெண்களை மதிக்கும் பாடத்தையும் சொல்லித்தந்தார்கள். அங்கேயும் பையன்களின் நோக்கு நல்ல திசையில் திரும்பியது. பெரிய கோட்டை கொத்தளம் எதுவும் தேவைப்படவில்லை. பையன் மதிக்கும் ஒரு மனிதர், அவன் மதிக்கும் இடத்தில் நின்று, திரும்பத் திரும்பச் சொன்னார். அவ்வளவே.

அந்த மனிதர் நீ, தோழா! உன் ஊரிலே படிப்பகம் இருக்கிறது, மன்றம் இருக்கிறது, கபடிக் குழு இருக்கிறது. பயிற்சியாளனாக நீ இருக்கிறாய். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், பையன்களை உட்கார வைத்துப் பேசு. பேசத் தெரியாதென்று சொல்லாதே. வட்டச் செயலாளர் தேர்தலுக்கு இரவு பகல் பாராமல் பேசத் தெரிகிறதே! “இசைவு இல்லையேல் இல்லைதான்” என்று சொல்லிக்கொடு. அடிபட்ட பிள்ளை எவனேனும் தன் துயரத்தை உன்னிடம் சொன்னால், சிரிக்காதே, மறைக்காதே. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்கள் உண்டு. படிப்பகச் சுவரிலே பெரிதாய் எழுதி வை. உன் வீட்டிலே, உன் மகன் பார்க்க, உன் துணைவியை மதித்து நட. அதைவிடச் சிறந்த பொதுக்கூட்டம் வேறில்லை. கட்சிக்காரன் மகன் என்பதற்காகக் காவல் நிலையத்துக்குப் பரிந்துரை செய்யப் போகாதே. “நம்ம பையன்” என்ற அந்த ஒரு சொல்தான், எத்தனையோ குற்றங்களுக்குக் குடையாகியிருக்கிறது.

அதே வேளையில், காதலிக்கும் பிள்ளைகளைக் கழியெடுத்து விரட்டும் ஒழுக்கக் காவலராகவும் மாறிவிடாதே. இருவர் மனமொத்துப் பழகுவதும், ஒருத்தி வேண்டாம் என்றபின் துரத்துவதும் ஒன்றல்ல. பெண்ணை வீட்டில் பூட்டினால் பாதுகாப்பு என்று எவரேனும் சொன்னால் மறுத்துப் பேசு. அந்தக் குடிகாட்டுப் பெண் மறுநாளும் வேலைக்குப் போயாக வேண்டும். அவள் கூலியில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. மாற வேண்டியது அவள் வழியல்ல. சாலையோரத்தில் நிற்பவர்களின் வழக்கம்.

அந்தப் பிள்ளையை நான் கட்சியை விட்டு விரட்டச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்தபின் மீண்டும் அழைத்துப் பேசினேன். “அந்த வசனத்தை நான் எழுதியது தவறு, நீ சொன்னதும் தவறு” என்றேன். அண்ணன் தன் தவற்றை ஒப்புவான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்ற மூவரையும் பார்த்துக் கேட்டேன்: “நீங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால், இவன் இரண்டாவது சொல்லைச் சொல்லியிருப்பானா?” மூவரும் வாய் திறக்கவில்லை. பதில் அவர்களுக்குத் தெரியும்.

உனக்கும் தெரியும், தோழா. நாளை மாலையும் பேருந்து வரும். பெண்கள் இறங்குவார்கள். எவனோ ஒருவன் ஒரு சொல்லை வீசிவிட்டு, உன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான், சிரிக்கிறாயா என்று.

சிரிக்காதே. அவன் தோள்மேல் கைபோட்டு, “தம்பி, இது விளையாட்டல்ல” என்று சொல்.